சம்பளம் இருக்கட்டும், கட்டில் யார் கொடுப்பது?

வணக்கம் அண்ணாச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோவில்பட்டியில் இருபத்தாறு வருடமாகச் சலூன் நடத்துகிறவருக்கு முடிவெட்டும் தொழிலைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கணக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். துபாயில் 2,000 திர்ஹாம் சம்பளத்துக்கு வந்திருக்கும் சலூன் வேலைக்கு உங்கள் மகனை (நான் தம்பி என்றே சொல்கிறேன்) அனுப்பலாமா, ஏஜெண்ட் கேட்கும் ஒன்றரை லட்சத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுக்கலாமா, அல்லது இன்னொருவர் சொல்வதுபோல ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பிவிடலாமா. நாலாவதாக ஒன்றைக் கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள்: பி.காம். முடித்தவன் அவ்வளவு தூரம் போயும் கத்தரியைத்தான் பிடிக்க வேண்டுமா? அதற்கும் வருகிறேன்.

முதலில் அந்த 2,000. ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்தால் 48,000 ரூபாய். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. கேட்கும்போது நல்ல தொகைதான். ஆனால் அது ஊரில் நின்று பார்க்கிற கணக்கு. தம்பி அங்கே திர்ஹாமில் சம்பாதித்து, திர்ஹாமிலேயே சாப்பிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. தங்குமிடம் யார் பொறுப்பு? கடை முதலாளி ரூம் கொடுக்கிறாரா, இவனே பார்த்துக்கொள்ள வேண்டுமா? சம்பளத்தை விட இதுதான் பெரிய கேள்வி. ஏன் என்று போட்டுக் காட்டுகிறேன்.

ரூம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தேரா, சத்வா, கராமா பக்கம் ஓர் அறையில் ஆறேழு பேர் மேலும் கீழுமாகக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். அதில் ஒரு கட்டிலுக்குத்தான் வாடகை. 'பெட் ஸ்பேஸ்' என்பார்கள். அதற்கு 800 திர்ஹாம் போடுங்கள். சாப்பாடு, பாதி நாள் சமைத்து பாதி நாள் மெஸ்ஸில் என்றால் 500. கடை தூரமாக இருந்து அடுத்தடுத்த இரண்டு கட்டண மண்டலத்துக்குள் போய்வர வேண்டியிருந்தால் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் மாத பாஸ் 230. போன், சோப்பு, மருந்து, எப்போதாவது ஒரு டீ எல்லாம் சேர்த்து 170. ஆக 1,700. மிச்சம் 300 திர்ஹாம், அதாவது 7,200 ரூபாய்.

இப்போது அதே 2,000 சம்பளம். முதலாளி ரூம் கொடுக்கிறார், கடைக்கு நடந்தே போய்விடலாம். சாப்பாடு 500, மற்றது 170. மிச்சம் 1,330. கிட்டத்தட்ட 32,000 ரூபாய்.

சம்பளம் ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு 7,200 வருகிறது, இன்னொரு வீட்டுக்கு 32,000 வருகிறது. இரண்டு பேரின் அப்பாக்களும் ஊரில் "பையன் துபாயில் நாற்பத்தெட்டாயிரம் வாங்குகிறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் போட்ட தொகைகளில் ஐம்பது நூறு முன்னே பின்னே இருக்கும். ஆனால் இடைவெளி பெரிதாகக் குறையாது. இன்னொன்று, சல்லிசாகக் கிடைக்கிறதே என்று பலகை அடித்துப் பிரித்த அறையில் போய் ஒண்டிக்கொள்வதும் இப்போது ஆபத்து. 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி அப்படிப்பட்ட அறைகளைத் தேடித்தேடி நடவடிக்கை எடுத்தது. திடீரென்று காலி செய்யச் சொன்னால் 800-க்கும் இடம் கிடைக்காது.

சரி, ஒன்றரை லட்சத்துக்கு வருவோம். மூன்று வட்டிக்கு வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டும். தம்பிக்கு ரூம் இல்லாத வேலை அமைந்து, மிஞ்சும் 7,200-ஐ ஒரு ரூபாய் எடுக்காமல் அப்படியே அனுப்பினாலும், கடன் தீர 33 மாதத்துக்கு மேல் ஆகும். அந்த வேலைக்கு விசா இரண்டு வருடம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, கடனோடுதான் பையன் திரும்பி வருவான்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். நேராகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. அப்படியிருக்க ஒன்றரை லட்சம் எதற்கு? ஏஜெண்டிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ரசீது கேளுங்கள், போதும். ரசீது தர மாட்டேன் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். தம்பி டிகிரி முடித்தவன் என்பதால் அவன் பாஸ்போர்ட்டுக்கு நம் அரசின் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவைப்படாது. அதனாலேயே அரசாங்கம் இவன் காகிதத்தைச் சரிபார்க்கும் அந்த ஒரு படியும் இல்லாமல் போகிறது. நாம்தான் சரிபார்க்க வேண்டும். ஏஜெண்டை நம்ப மனமில்லை என்றால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் பதிந்து வைக்கலாம்.

"முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜெண்ட் சொன்னாராமே? வேண்டாம். விசிட் விசாவில் போய்க் கடையில் நின்று கத்தரியைத் தொட்டாலே சட்டவிரோதம். அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024 முதல் ஒரு லட்சம் திர்ஹாமிலிருந்து பத்து லட்சம் வரை அபராதம். அதிகாரிகள் வந்தால் முதல் வேலையாக முதலாளி இவனைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார், சம்பளப் பாக்கி அப்புறம் கனவுதான். நாள் தாண்டித் தங்கினால் தினம் 50 திர்ஹாம் அபராதம் ஏறும், அது இவன் தலையில்.

முறையான வழி இப்படி: அங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தின் வழியாக ஆஃபர் லெட்டர் வரும். அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தொழிலாளியின் மொழியிலும் அதைத் தர வேண்டும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது 'பேசிக்', அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்பது. 2,000 என்று வாயால் சொல்லிவிட்டு, காகிதத்தில் பேசிக் 800, அலவன்ஸ் 1,200 என்று பிரித்து எழுதுவார்கள். மாதா மாதம் கைக்கு வருவது ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, வருடத்துக்கு 21 நாள் சம்பளம், பேசிக்கை வைத்துத்தான் கணக்காகும். இரண்டு வருடம் முடித்தால் 2,000 பேசிக்குக்கு 2,800 திர்ஹாம். 800 பேசிக்குக்கு வெறும் 1,120. கமிஷனும் டிப்ஸும் அந்தக் கணக்கில் வராது.

கமிஷன் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், கை வேகமான பையனுக்குச் சம்பளத்துக்கு மேல் நல்ல காசு அதில்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் உங்கள் கடையையும் அதற்கு அடுத்த வாரம் உங்கள் கடையையும் நினைத்துப் பாருங்கள். அங்கே பெருநாளுக்கு முந்தின இரவு அப்படி; ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும்போது இப்படி. அதனால் வீட்டுச் செலவைப் பேசிக்கை வைத்துத் திட்டமிடுங்கள். கமிஷன் வந்தால் கடனுக்கு.

முதல் சம்பளம் வரும் வரைக்கும் கையில் காசு வேண்டும். மாதம் முடிந்துதான் சம்பளம், அதிலும் சில நாள் தள்ளிப்போகலாம். போனவுடன் மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை என்று சில நாள் ஓடும். குறைந்தது 1,500 திர்ஹாம், நம் காசில் 36,000, இவன் கையில் இருக்க வேண்டும். ஏஜெண்டுக்குக் கொடுக்க நினைத்த ஒன்றரை லட்சத்தில் இதற்குத்தான் உண்மையான அவசியம்.

மருத்துவப் பரிசோதனை பற்றி ஒரு முக்கியமான விஷயம், ஏஜெண்டுகள் யாரும் சொல்ல மாட்டார்கள். அமீரகத்தில் விசாவுக்கு எல்லோருக்கும் எச்ஐவி, காசநோய்ப் பரிசோதனை உண்டு. சலூன், பியூட்டி பார்லர் ஆட்களுக்கு ஹெபடைடிஸ் பி (மஞ்சள் காமாலை பி) பரிசோதனையும் சேரும். ஷேவிங், பிளேடு, ரத்தம் எல்லாம் இருக்கிற தொழில் என்பதால். அங்கே போய் அதில் சிக்கினால் விசாவே கிடைக்காமல் போகலாம். எனவே ஒரு ரூபாய் முன்பணம் கட்டும் முன் இங்கேயே ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று டோஸ், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஆறு மாத இடைவெளி. இன்றைக்கே தொடங்கலாம். சொல்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம், நீங்களும் போட்டுக்கொள்வது நல்லது.

ஆஸ்திரேலியா. இதில் பழைய கதை ஒன்று இருக்கிறது. 2000-களின் பிற்பாதியில் முடிதிருத்தமும் சமையலும் அந்த நாட்டின் தேவைப்பட்டியலில் இருந்தன. அந்தப் படிப்பை முடித்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை சுலபம் என்று இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் போனார்கள். அதில் பலர் வாழ்க்கையில் ஒருவர் தலையில் கத்தரி வைக்க விரும்பியவர்களே அல்ல. 2010 பிப்ரவரியில் அரசாங்கம் பட்டியலை ரத்து செய்தது. ஜூலையில் வந்த புதிய பட்டியலில் முடிதிருத்தம் இல்லை. கடன் வாங்கிப் படித்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

இப்போது மறுபடி அந்தத் தொழில் அவர்களுடைய முதலாளி வழி விசாப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மாணவராகப் போக, படிப்புக் கட்டணம் போக ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். நம் காசில் பதினாறு லட்சத்துக்கு மேல். விசாக் கட்டணமே 2,000 டாலர் (2025 ஜூலைக் கணக்கு), நிராகரித்தால் திரும்ப வராது. படிக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். உங்கள் கடை இருக்கும் இடத்தை விற்றால்தான் முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விற்காதீர்கள். அனுபவமுள்ள ஆளாக, முதலாளி ஸ்பான்சர் செய்து போகும் வழி ஒன்று உண்டு. அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், வருடத்துக்கு 76,515 டாலராவது சம்பளம் கொடுக்கிற முதலாளி வேண்டும் (2025 ஜூலைக் கணக்கு). அவ்வளவு கொடுக்கும் கடை இவனைத் தேடி வர வேண்டுமென்றால், இவன் கலரிங், கெமிக்கல் வேலை எல்லாவற்றிலும் தேறியிருக்க வேண்டும். நாலைந்து வருடம் கழித்துப் பார்க்கலாம். இங்கிலாந்து இப்போதைக்கு இல்லை. 2025 ஜூலை முதல் அங்கே வேலை விசாவுக்குப் பட்டப்படிப்புத் தரத்திலான வேலையாக இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இனி அந்த நாலாவது கேள்வி. நம் ஊரில் இந்தத் தொழிலை எப்படிப் பார்த்தார்கள், உங்கள் அப்பாவை எந்தத் திண்ணை வரைக்கும் விட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. மகன் அதிலிருந்து வெளியே போகட்டும் என்றுதான் பி.காம். படிக்க வைத்தீர்கள். அவன் படித்துவிட்டு, சென்னையில் ஒரு பெரிய சலூனில் இரண்டு வருடம் நின்று, தானாக விரும்பி இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். உங்களுக்கு இது தலையில் விழுந்தது, அவன் கையில் எடுத்தது. இரண்டும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது. பி.காமும் வீண் இல்லை. மேலே நான் போட்ட கணக்கை அவன் என்னைவிட நன்றாகப் போடுவான். போட்டிருக்கிறானா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

போவதற்கு முன் அவன் செய்ய வேண்டியது ஒன்றிரண்டு. இந்தி பேசப் பழகட்டும். துபாய் சலூனில் வருகிற ஆளில் பாதிப் பேரிடம் அரபியை விட அதுதான் உதவும். தாடி வேலையில் கை தேறட்டும். அங்கே தலையை விடத் தாடிக்கு நுணுக்கம் பார்ப்பார்கள், அதில் உங்களைவிட நல்ல வாத்தியார் அவனுக்குக் கிடைக்கப் போவதில்லை. அவன் செய்த வேலைகளை முன்னும் பின்னும் படமெடுத்துப் போனில் தனியாக வைக்கட்டும். முதலாளிகள் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்னால் வீடியோவில் வெட்டிக் காட்டச் சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை உங்களுக்குக் கடை லீவுதானே. தம்பியையும் அந்த ஆஃபர் லெட்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். ரூம் யார் தருகிறார்கள் என்பதை அதற்குள் அந்த முதலாளியிடமே நேராக எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், வாட்ஸப்பில் வந்தாலும் சரி. ஒரிஜினல் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வரும் வழியில் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.