பட்டாளத்துக்காரர் பதில்கள்: ஒரே ரைஃபிள், ரெண்டு வேலை

கேள்வி: மகன் டெக்சாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறான், எச்-1பி விசா. கூட வேலை பார்ப்பவர்களோடு சுடுதளத்துக்குப் போய்ப் பழகிவிட்டான். 600 கெஜத்தில் இலக்கு சுடவும், சீசனில் மான் வேட்டைக்குப் போகவும் ஒரே ரைஃபிள் போதுமா? எதை வாங்கலாம்?
– ஏலத்தோட்டக்காரர், வண்டன்மேடு

பதில்: போதும். ஆனால், துப்பாக்கிக்கு முன்னால் விசா. அமெரிக்க மத்தியச் சட்டப்படி எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சாஸில் ஆண்டு வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் பீரோவில் சும்மா கிடக்கிற ரைஃபிளே வம்பு. 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் உண்டு. தம்பி அதை முதலில் முடிக்கட்டும்.

இனி துப்பாக்கி. இரண்டு வேலைக்கும் சண்டை வருவது எடையில்தான். இலக்கு சுடுகிறவனுக்குத் தடித்த குழல் வேண்டும்; சீக்கிரம் சூடேறாது, கனம் இருப்பதால் தோளில் உதையும் குறையும். ஐந்து, ஆறு கிலோ என்றாலும் மேசைமேல் வைத்துச் சுடுகிறவனுக்குக் கவலையில்லை. மானுக்குப் போகிறவன் அதைக் காலை முழுக்கத் தோளில் சுமக்கணும். நான் நாலு கிலோவுக்கு மேல் கனக்கிற எஸ்.எல்.ஆர். என்ற பட்டாள ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியவன். மத்தியானத்தில் வார் தோளை அறுக்கும்போது மனுஷன் குறி பார்க்கிற நிதானத்தில் இருக்க மாட்டான். அதனால் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் நாலரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். ஸ்பெயின் தயாரிப்பான பெர்காரா பி-14 எச்.எம்.ஆர். இந்த இரண்டு வேலையையும் மனதில் வைத்தே செய்தது. நிறைய நடக்கிற ஆள் என்றால் ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் இன்னும் லேசு.

தோட்டா 6.5 கிரீட்மூர். 2007-ல் இலக்குச் சுடுகிறவர்களுக்காக வந்து, பிறகு வேட்டைக்காரர்களிடமும் பரவியது. .308 தோட்டாவைவிட உதை குறைவு, தூரத்தில் காற்றுக்கும் குறைவாகவே விலகும். .308 பட்டாளத்தில் நான் பழகிய 7.62 மி.மீ. தோட்டாவுக்கு அண்ணன் தம்பி மாதிரி. பாசம் எனக்கு அதன்மேல்தான். அதற்காக உங்கள் மகனை அதில் தள்ள மாட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. இலக்குக்கான மேட்ச் குண்டு வேறு, மானுக்கான குண்டு வேறு. மேட்ச் குண்டு காகிதத்தில் துல்லியமாக ஓட்டை போடச் செய்தது. மானின் உடம்பில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. பட்டதும் சீராக விரிகிற குண்டுதான் மானை உடனே சாய்க்கும். இரண்டும் ஒரே இடத்தில் விழாது. சீசனுக்கு முன் வேட்டைக் குண்டைப் போட்டு, 100 கெஜத்தில் ஸ்கோப்பை மறுபடி சரிபார்க்கணும்.

600 கெஜத்தில் இலக்குத் தட்டை அடிக்கிறவன் அதே தூரத்து மானையும் அடிக்கலாம் என்று நினைப்பான். அந்தத் தூரத்தைக் கடக்கக் குண்டுக்கு முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்கு விட்டது வயிற்றில் ஏறும். புதிதாகப் போகிறவன் 200 கெஜத்துக்குள் நிற்கட்டும்.

கேள்வி: எங்கள் பீன்ஸ் தோட்டத்தில் ராத்திரி மிளா (கடமான்) புகுந்து அழிக்கிறது. லைசென்ஸ் தேவையில்லாத ஏர்கன்னால் சுட்டு விரட்டலாமா?
– விவசாயி, காந்தலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். சக்தி குறைந்த 4.5 மி.மீ. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது ஆயுதச் சட்டத்தின் சலுகை. மிளாவுக்குச் சட்டம் வேறே. 1972 வனவிலங்குச் சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டை இல்லை. கொல்ல முயல்வதும், காயப்படுத்துவதும் வேட்டைதான். பக்கத்திலேயே சின்னாறு சரணாலயம், நாலு எட்டு தள்ளினால் அந்த எல்லை. அதற்குள் சுட்டால் வழக்கு இன்னும் கடுமை. கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர்கள் சுட அனுமதி தருகிறார்களே என்று யாராவது சொன்னால், அது காட்டுப்பன்றிக்கு மட்டும். சேதத்தைப் போட்டோ எடுத்து வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்தில் நஷ்ட ஈட்டுக்கு எழுதிக்கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.