குட்டையில் பச்சை ஏடு: மயில்துத்தம் போடலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருக்கிறேன். நீர்ப்பரப்பு 30-க்கு 30 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். கட்லா, ரோகு விட்டு, கோழி எரு போட்டு வருகிறேன். இரண்டு வாரமாகக் கிழக்குக் கரையில் பச்சை பெயிண்டைக் கொட்டியது போல ஏடு ஒதுங்குகிறது. அங்கே தண்ணீர் குடித்த மூன்று வெள்ளாடுகள் ஒரே நாளில் செத்துவிட்டன. குட்டையில் குளித்த பையனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போட வேண்டும்? காய்ச்சினால் இந்தத் தண்ணீரை வீட்டில் புழங்கலாமா?

பதில்: இப்போதைக்கு மயில்துத்தத்தைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது நீலப்பச்சைப் பாசி. பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் வகை. இதன் நஞ்சு பாசியின் உடலுக்குள்தான் இருக்கிறது. மருந்தடித்ததும் பாசி வெடித்து, உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். ஏடு மறைந்து தண்ணீர் தெளிந்திருக்கும். ஆனால் முன்பைவிட ஆபத்தாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் குடிநீர் அணையில் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் 148 பேர் ஈரலும் சிறுநீரகமும் பாதித்துப் படுத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

முதலில் நீலப்பச்சைப் பாசிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கையுறை போட்டு, ஒரு குச்சியை ஏட்டுக்குள் விட்டு எடுங்கள். நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அது சாதாரண நூல்பாசி, பெரும்பாலும் நஞ்சில்லை. பெயிண்டில் முக்கியது போல குச்சியில் பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அடுத்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பாகம் குட்டைத் தண்ணீர் பிடித்து, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் பச்சை அடியில் தங்கியிருந்தால் சாதாரணப் பாசி. மேலே வளையமாக மிதந்தால் நீலப்பச்சைப் பாசி; அதன் உடலில் காற்றுப்பைகள் இருப்பதால் மிதக்கிறது. இரவில் காற்று அடங்கியதும் மேலே வந்து, விடிந்ததும் காற்றடிக்கும் திசையில் ஒரு கரையில் ஒதுங்கும். உங்கள் ஆடுகள் குடித்த இடம் அதுதான். எதிர்க்கரையில் குடித்த ஆடுகளுக்கு ஒன்றும் ஆகாமலிருந்தாலும் இதே காரணந்தான்.

நெல்வயலுக்கு நீலப்பச்சைப் பாசியை உரமாகப் போடுகிறோமே என்று கேட்பீர்கள். தீவனமாக வளர்க்கும் நீர்ப்பெரணியான அசோலாவுக்குள் இருப்பதும் இதே குடும்பந்தான். குடும்பம் ஒன்று, குணம் வேறு. அசோலாவை மாட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆடுகள் திடீரென்று சாவதற்குத் துள்ளுமாரி என்கிற குடல்நச்சு நோயும் காரணமாகலாம், பூச்சிமருந்தும் காரணமாகலாம். அதனால் இனி ஒன்று செத்தால் புதைக்கும் முன் 1962-க்கு அழைத்து, கால்நடை மருத்துவரை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். பாசி நஞ்சென்றால் ஈரல் வீங்கி, ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். பாசி கலந்த தண்ணீரும் ஒரு பாட்டில் ஐஸில் வைத்துக் கொடுங்கள். உயிரோடிருக்கும் ஆடு தள்ளாடினாலோ, ரத்தக்கழிச்சல் போட்டாலோ நிழலில் கட்டிவிடுங்கள். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. கரித்தூள் மருந்தை (ஆக்டிவேட்டட் சார்கோல்), விழுங்கும் நிலையில் இருக்கும்போதே மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் ஓரளவு பலன் உண்டு. விழுங்க முடியாத ஆட்டுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். பிழைத்த ஆட்டையும் சில வாரம் வெயிலில் விடக்கூடாது. ஈரல் கெட்டிருப்பதால் வெள்ளைத்தோல் உள்ள இடங்கள் வெந்து உரியும்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். காய்ச்சினால் இந்த நஞ்சு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட நஞ்சின் அடர்த்திதான் கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரித் தண்ணீரில் இதே நஞ்சு வந்தபோது, நான்கு லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சவும் வேண்டாம் என்றே அறிவித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரைதான் அனுமதிக்கிறது. ஆகவே சமையல், குளியல், பாத்திரம் எதற்கும் வேண்டாம். பையனைச் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். தடிப்பு பெரும்பாலும் தானாக அடங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பாகப் போவது என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், குட்டைத் தண்ணீர் விஷயத்தையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண மஞ்சள்காமாலை என்றே பார்ப்பார்கள்.

மீனை ஏடு இருக்கும்வரை பிடித்துச் சாப்பிடாதீர்கள். நஞ்சு ஈரலிலும் குடலிலும்தான் அதிகம் சேரும். தெளிந்த பிறகும் குடலையும் ஈரலையும் சுத்தமாக எடுத்துவிட்டே சமையுங்கள். எடுத்ததை நாய், கோழிக்குப் போடாமல் புதையுங்கள்.

இன்றே குட்டையைச் சுற்றி வேலி கட்டி, ஆடுமாடுகளுக்கு போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் விடுங்கள். போர்வெல் இல்லையென்றால் ஏடு ஒதுங்காத மேற்குக் கரையில், மட்டத்துக்கு இரண்டடி கீழே பம்பின் உறிஞ்சு குழாய் முனையை (ஃபுட் வால்வை) தொங்கவிட்டு இறையுங்கள். அதுவும் தற்காலிகம்தான், மனிதர் குடிக்க ஆகாது. ஏட்டைக் காலையில் வலையால் அள்ளி, மழைநீர் குட்டைக்குத் திரும்பாத இடத்தில் குழிதோண்டிப் புதையுங்கள். கரையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கிலும் மாதக்கணக்கில் நஞ்சு நிற்கும். நாய்கள் அதை நக்கிச் சாகின்றன. தண்ணீரைத் தென்னைக்கு வட்டப்பாத்தியில் பாய்ச்சித் தீர்ப்பதே உங்களுக்கு எளிது. கீரைக்கும் தக்காளிக்கும் தெளிக்க வேண்டாம், இலையில் படிந்துவிடும்.

மயில்துத்தம் கடைசி வழிதான். அதுவும் தண்ணீரின் காரத்தன்மையைப் பரிசோதித்த பிறகே. காரத்தன்மை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராமோ அதை நூறால் வகுத்தால் வருவதே மயில்துத்தத்தின் அளவு. 150 என்றால் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம், உங்கள் 13.5 லட்சம் லிட்டருக்கு 2 கிலோ. காரத்தன்மை 50-க்குக் கீழே இருந்தால், மழைநீர் குட்டைகளில் அப்படி இருக்கலாம், மீன் செத்துவிடலாம். போட்டாலும் மூன்றில் ஒரு பகுதிக்கு மட்டும் முதலில் போடுங்கள். மொத்தப் பாசியும் ஒன்றாக அழுகினால் விடியற்காலையில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும். பிறகு மூன்று வாரம் கால்நடையை விடக்கூடாது. செம்மறிக்குத் தாமிரமே நஞ்சு.

ஆனால் கோழி எருவை நிறுத்தாமல் எதைச் செய்தாலும் ஏடு மறுபடி வரும். அதில் இருக்கும் பாஸ்பரஸ்தான் பாசிக்குத் தீனி. தொழுவக் கழுநீர், டிஏபி போட்ட வயலின் வடிநீர் இரண்டையும் குட்டைக்குள் விடாமல் திருப்புங்கள். வரத்துவாயில் பத்தடி அகலத்துக்கு வெட்டிவேரோ கோரையோ வளர விடுங்கள். மீன் தீனியைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குக் குறையுங்கள். ஏடு மறைந்து மூன்று வாரம் கழித்து, பாட்டில் சோதனையை மூன்று நாள் அடுத்தடுத்துச் செய்து, மேலே பச்சை வளையம் இல்லையென்றால் மட்டும் ஆடுகளை விடலாம்.