சினைப்பைப் புற்றுநோய் திரும்பினால் எந்தக் கீமோ?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சினைப்பைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் ஆறு சுற்று கார்போபிளாட்டின்-பாக்லிடாக்சல் கீமோவும் முடிந்து 14 மாதங்கள் ஆகின்றன. இப்போது இரத்தப் பரிசோதனையில் சி.ஏ.125 (இந்தப் புற்றுநோயைக் கண்காணிக்க உதவும் புரதம்) அளவு 20-லிருந்து 110 ஆக ஏறியிருக்கிறது. ஸ்கேனில் வயிற்றுக்குள் இரண்டு சிறு கட்டிகள் தெரிகின்றன. பாதங்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. பழைய மருந்தையே மறுபடி கொடுக்கலாம் என்கிறார் மருத்துவர். பலிக்காத மருந்தை எதற்குத் திரும்பக் கொடுக்க வேண்டும்? வீரியமான புது மருந்தைக் கேட்கலாமா?

பதில்: அந்த மருந்து பலிக்கவில்லை என்று கருத வேண்டாம். கடைசிச் சுற்று பிளாட்டினம் வகை மருந்துக்கும் (கார்போபிளாட்டின் இந்த வகைதான்) நோய் மீண்டும் தலைகாட்டியதற்கும் இடையில் எத்தனை மாதங்கள் கழிந்தன என்பதே இந்த நோயில் முதலில் பார்க்க வேண்டியது. ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால் பிளாட்டினம் மறுபடியும் வேலை செய்யும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. இடைவெளி நீள நீள அந்த வாய்ப்பும் கூடும். உங்கள் அம்மாவுக்கு 14 மாதங்கள் கழிந்திருப்பதால், கார்போபிளாட்டினைக் கைவிட்டு வேறொன்றைத் தேடுவது கையில் இருக்கும் நல்ல ஆயுதத்தை வீணாக்குவதாகும். ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியவர்களுக்குத்தான் வாராந்திர பாக்லிடாக்சல், லைப்போசோமல் டாக்சோரூபிசின், டோபோடெக்கான் போன்றவற்றில் ஒன்றைத் தனியாகவோ, குடல் நிலை இடம் கொடுத்தால் பெவாசிஸுமாப் (கட்டிக்குப் புது இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் மருந்து) சேர்த்தோ கொடுப்பது வழக்கம்.

கார்போபிளாட்டினோடு எதைச் சேர்ப்பது என்பதைத்தான் நீங்கள் மருத்துவரிடம் விரிவாகப் பேச வேண்டும். மரத்த பாதங்களோடு பாக்லிடாக்சலைத் தொடர்ந்தால், காலிலிருந்து செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கும் நிலை வரலாம். அது எளிதில் திரும்பாத பாதிப்பு. 2010-இல் வெளியான கலிப்ஸோ ஆய்வில் பாக்லிடாக்சலுக்குப் பதிலாக லைப்போசோமல் டாக்சோரூபிசின் பெற்றவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் 9.4 மாதத்திலிருந்து 11.3 மாதமானது, மொத்த ஆயுள்காலத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்பு சுமார் 27 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, முடி உதிர்வதும் வெகுவாகக் குறைந்தது. உங்கள் அம்மாவுக்கு என் முதல் தேர்வு இதுதான். இதில் வாய்ப்புண்ணும், உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிவதும் வரலாம் என்பதால் சுடுநீரையும் இறுக்கமான செருப்பையும் தவிர்க்க வேண்டும். தொடங்குமுன் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்த்துவிட வேண்டும். ஜெம்சிடபினும் நல்ல துணை மருந்தே. ஆனால் அதில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், ஒவ்வொரு சுற்றிலும் எட்டாம் நாள் மறுபடி வர வேண்டியிருக்கும். தொலைவிலிருந்து வருபவர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

கீமோவுக்கு முன்பே இன்னொரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: கட்டிகளை மறுபடி அறுத்து எடுக்க முடியுமா? முதல் அறுவையில் நோய் முழுமையாக அகற்றப்பட்டு, வயிற்றில் நீர் அதிகமின்றி, உடல் திடமாக இருப்பவர்களுக்கு, கீமோ மட்டும் பெற்றவர்களைவிட அறுவையும் சேர்த்துப் பெற்றவர்களின் ஆயுள் நீண்டதை டெஸ்க்டாப்-3 ஆய்வு காட்டியது (46 மாதத்துக்கு எதிராக 53.7 மாதம்). ஒரு துணுக்கும் மிஞ்சாமல் எடுக்க முடிந்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும் என்பதால், இந்த நோயில் நல்ல அனுபவமுள்ள அறுவை நிபுணரே முடிவு சொல்ல வேண்டும்.

பி.ஆர்.சி.ஏ. (பிறழ்ந்தால் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபணுக்கள்) பரிசோதனை இதுவரை செய்யவில்லையென்றால் இப்போதே செய்துவிடுங்கள். பிறழ்வு இருந்து, கீமோவுக்கு நோய் பணிந்தால், நோய் மீண்டும் வளர்வதைத் தள்ளிப்போட ஒலாபரிப் மாத்திரையைத் தொடர் சிகிச்சையாகக் கொடுக்கலாம்.

சி.ஏ.125 மட்டும் ஏறி, தொந்தரவே இல்லாதவர்களுக்கு அவசரமாகக் கீமோ தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு ஸ்கேனிலும் தெரிவதால் சிகிச்சை தேவைதான். ஆயினும் வலியோ வாந்தியோ வயிறு உப்புவதோ இல்லையென்றால், மேலே சொன்னவற்றைக் கேட்டு முடிவெடுக்க ஓரிரு வாரம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

கார்போபிளாட்டினை இரண்டாம் முறை பெறும்போது ஒவ்வாமை வரும் சாத்தியம் கூடும். மருந்து ஏறும்போது உள்ளங்கை அரித்தாலோ முகம் சிவந்தாலோ, சுற்று முடியட்டும் என்று பொறுத்திராமல் உடனே செவிலியரை அழைக்கும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.