இத்தாலிக்காரர்கள் வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாமே, உண்மையா?

"கணவருக்கு டுரினில் வேலை கிடைத்திருக்கிறது. நானும் குழந்தையும் பின்னால் போக வேண்டும். இத்தாலிக்காரர்கள் வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார்களே, தனியாகக் கிடந்து தவிப்பேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு முன்பே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். "சிரித்துப் பேசுவார்கள், ஆனால் வீட்டுப் படியேற விடமாட்டார்கள், பெட்டியைக் கட்டுமுன் யோசியுங்கள்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அதைப் படித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நான் மதுரைப் பக்கத்துக்காரி. டுரினில்தான் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். உங்களைப் போலவே கணவர் முன்னால் வந்தார், நான் பின்னால் வந்தேன். காலையில் அவர் கிளம்பிப் போனபின் அந்த நாலு சுவருக்குள் என்ன செய்வது என்பதுதானே உங்கள் பயம்? எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் நம் ஊர் ரயிலில் போல, உட்கார்ந்த அஞ்சு நிமிஷத்தில் "எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க" என்று ஆரம்பிக்க மாட்டார்கள். தினமும் ஒரே இடத்தில் உங்களைப் பார்க்க வேண்டும், பார்க்கும்போதெல்லாம் நீங்கள் வாய் திறந்து வணக்கம் சொல்ல வேண்டும். லிஃப்ட், மாடிப்படி, மருந்துக்கடை, ரொட்டிக்கடை, எங்கே நுழைந்தாலும் முதலில் "புவோன்ஜோர்னோ". சாயங்காலமானால் "புவோனசேரா". நம் ஊரில் கடைக்குள் போய் "ஒரு பாக்கெட் பால்" என்று நேரே கேட்பது தப்பே இல்லை. இங்கே வணக்கம் சொல்லாமல் கேட்டால் முகம் இறுகிவிடும். அதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் இனவெறி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இனவெறி எங்கேயுமே இல்லை என்று நான் சொல்லவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

குடும்ப மருத்துவரிடம் போனால் பல இடங்களில் டோக்கன் கிடையாது. காத்திருக்கும் அறைக்குள் நுழைந்ததும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, "கடைசியாக வந்தது யார்?" என்று கேட்க வேண்டும். ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்கு அடுத்து நீங்கள். உங்களுக்குப் பின் வருபவர் கேட்கும்போது நீங்கள் கையைத் தூக்க வேண்டும். கேட்காமல் மூலையில் போய் உட்கார்ந்தால் அந்த வரிசையில் நீங்கள் இல்லவே இல்லை. மொழி தெரியாத காலத்தில் நான் முதலில் மனப்பாடம் செய்தது இந்தக் கேள்வியைத்தான். அந்த அறையில்தான் என் முகம் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிய ஆரம்பித்தது.

எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர், நான் சிஞ்ஞோரா (நம் ஊரில் 'அம்மா' என்பதுபோல) என்றுதான் கூப்பிடுவேன். வந்த புதிதில் எங்களுக்குள் வணக்கத்தோடு சரி. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு குப்பை போட இறங்கினேன். நவம்பர் மாதம். லிஃப்டில் என்னைப் பார்த்தவர் அப்படியே என் தோளைப் பிடித்துத் திருப்பி, கழுத்தைத் தொட்டுக் காட்டி, ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தார். எனக்குப் பாதி புரியவில்லை. ஈரத்தலையில் காற்றுப்பட்டால் கழுத்து எலும்பு பிடித்துக்கொள்ளும் என்பது இங்கே ஊர் முழுக்க நம்பிக்கை, அதற்குச் "செர்விகாலே" என்று நோயின் பெயரே சொல்வார்கள். குப்பைப் பையை என் கையிலிருந்து பிடுங்கி அவரே போட்டுவிட்டு, என்னை மேலே அனுப்பிவைத்தார். அன்று மாலை கதவைத் தட்டி, தலை காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனார். படியேற விடமாட்டார்கள் என்று எழுதியவருக்காகச் சொல்கிறேன், எங்கள் வீட்டுப் படியை முதலில் ஏறி வந்தவர் அவர்தான்.

பிறகுதான் தெரிந்தது, சிஞ்ஞோராவும் இந்த ஊர்க்காரர் இல்லை. தெற்கே புலியாவில் ஃபோஜ்ஜா பக்கத்துக் கிராமம். 1960களில் கணவர் ஃபியட் தொழிற்சாலை வேலைக்கு வர, இவர் கைக்குழந்தையோடு இரவு ரயிலில் வந்து போர்த்தா நுவோவா நிலையத்தில் இறங்கியிருக்கிறார். டுரினின் கதையே இதுதான். 1951இல் 7 லட்சத்துச் சொச்சமாக இருந்த ஜனத்தொகை 1971இல் 11 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பாலோர் புலியா, கலாப்ரியா, சிசிலி ஜனங்கள். அவர்களுக்கு இங்கே கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? "தென்னாட்டாருக்கு வீடு வாடகைக்கு இல்லை" என்று பலகை எழுதி மாட்டினார்கள். ஒரே நாடு, ஒரே பாஸ்போர்ட், ஒரே மதம். அவர்களுக்கே அந்த நிலை. அந்தப் பலகையைத் தன் கண்ணால் பார்த்தவர் எங்கள் சிஞ்ஞோரா. அவரிடம் போய் நீ அந்நியள் என்ற பார்வையை எப்படி எதிர்பார்க்க முடியும்? டுரினில் உங்கள் எதிர்வீட்டுக்காரரும் இப்படி வந்தவராகவோ, வந்தவரின் பிள்ளையாகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆகஸ்டில் அவருடைய மகன் வீட்டுக்கு, நிக்கெலினோவுக்கு, என்னையும் அழைத்துப் போனார்கள். வருடத்துக்கு வேண்டிய தக்காளிச் சாற்றைக் குடும்பமே கூடிப் பாட்டிலில் அடைக்கும் நாள் அது. நம் ஊரில் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடாம் பிழிய எல்லாரும் கூடுவதுபோல. விடியும் முன்பே தொடங்கிவிட்டார்கள். பெட்டி பெட்டியாக நீளத் தக்காளி. கழுவி, இரண்டாகப் பிளந்து, அண்டாவில் ஒரு கொதி விட்டு, நீரை வடித்து, மோட்டார் வைத்த பிழியும் இயந்திரத்தில் கொட்டுகிறார்கள். ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் தோலும் விதையும். அந்தத் தோலை வீணாக்காமல் இன்னொரு முறை போட்டுப் பிழிகிறார்கள், கெட்டியான சாறு அதில்தான் வருகிறது. வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த பழைய பீர் பாட்டில்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. என் வேலை ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பசிலிக்கோ இலை போடுவது. நம் துளசிக்கு உறவுக்கார இலை. மூடி அடித்த பாட்டில்களை இரும்பு டிரம்மில் அடுக்கி, ஒன்றோடொன்று மோதி உடையாதபடி நடுவே பழைய துணியைச் சுருட்டித் திணித்து, தண்ணீர் ஊற்றி விறகு வைத்துக் கொதிக்கவிடுகிறார்கள். அடுத்த நாள் ஆறும்வரை டிரம்மைத் தொடக்கூடாது. சிஞ்ஞோரா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் அதட்டினார், என்னையும் சேர்த்து. மதியம் சாப்பாட்டில் எனக்கென்று மாமிசம் சேராத பாத்திரம் தனியாக இருந்தது. மாலையில் எனக்கும் ஒரு பங்குப் பாட்டில்கள்.

இப்போது சிலர் கிளம்பி வருவார்கள் என்று தெரியும். "உனக்கென்ன, கணவருக்கு நல்ல வேலை, வெள்ளைக் காலர் வாழ்க்கை" என்பார்கள். சரிதான், மறுக்கவில்லை. வீடு தேடியபோது போனில் தேனாகப் பேசிய ஒரு புரோக்கர், எங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் "வீடு போய்விட்டதே" என்றார். விளம்பரம் பல நாள் அப்படியே கிடந்தது. 2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தீனா பக்கம், பதிவில்லாமல் வேலை செய்த ஒரு பஞ்சாபி விவசாயத் தொழிலாளிக்கு இயந்திரத்தில் கை துண்டானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள், அவர் இறந்தார். அதையெல்லாம் மறைத்துவிட்டு "எல்லாரும் தங்கம்" என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் நீங்கள் கேட்டது அக்கம்பக்கம் எப்படி என்று. அதற்கு நான் வாழ்ந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இங்கே உண்மையான தலைவலி மனிதர்களால் வரவில்லை, பெயரால் வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள், தமிழர்கள் எல்லாரும் மாட்டும் இடம் இது. வந்ததும் "கோதிச்சே ஃபிஸ்காலே" என்று ஒரு வரி எண் வாங்க வேண்டும், சிம் கார்டு வாங்கப் போனால்கூட அதைக் கேட்பார்கள். எழுத்தும் எண்ணுமாக 16. முதல் மூன்று குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்து, பிறகு பிறந்த வருடம், மாதம், நாள் (பெண்ணென்றால் நாளோடு 40 கூட்டுவார்கள்), அப்புறம் பிறந்த இடம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. குடும்பப் பெயரே இல்லாத இனத்தை இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் வைக்கும்? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் என் அப்பா பெயர், கணவருடையதில் அவர் அப்பா பெயர். மகன் இங்கே பிறந்தபோது, நம் வழக்கப்படி அவனுக்குப் பின்னால் கணவரின் பெயரைப் போடச் சொன்னோம். பிறப்பைப் பதியும் கவுன்ட்டரில் இருந்தவர், "அது தகப்பனின் சொந்தப் பெயர் ஆயிற்றே" என்று தாத்தா பெயரைப் போட்டுவிட்டார். தூதரகக் கடிதம், மொழிபெயர்ப்பு, முத்திரை என்று அலைந்துதான் அதை மாற்றினோம்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாதது குறை இல்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவோம் என்று தீர்மானம் போட்ட ஜனங்கள் நாம். அந்தப் பெருமையை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை என்பதுதான் என் ஆற்றாமை. நீங்கள் கிளம்புமுன் மூவர் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் இடம் காலியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த நாட்டில் கல்யாணமான பெண்ணுக்கும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயர்தான். ஆஸ்பத்திரியில் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு வருத்தம், மகன் இங்கேயே பிறந்தும் இத்தாலியக் குடிமகன் இல்லை. எங்களைப் போன்றவர்கள் குடியுரிமை கேட்க 10 வருடம் சட்டப்படி குடியிருக்க வேண்டும். அதை 5 ஆக்கலாமா என்று 2025 ஜூன் 8, 9 தேதிகளில் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் வாக்களித்தால்தான் செல்லும். வந்தது சுமார் 30 சதவீதம், அதோடு போயிற்று. சிஞ்ஞோரா அந்த வயதில் தடியூன்றிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாக்களித்துவிட்டு, நேரே எங்கள் கதவைத் தட்டி, "உன் பையனுக்காகப் போட்டேன்" என்றார்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியவை. மொழிக்கு, பெரியவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது, சிபிஐஏ என்பார்கள். காலை வகுப்பும் உண்டு, செலவு மிகக் குறைவு, உங்களைப் போன்ற தாய்மார்கள் நிறைய இருப்பார்கள். குடியிருப்பு அனுமதிக்கு வந்த 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான 16 யூரோ முத்திரையைப் புகையிலைக் கடையில் விற்பார்கள். நம் டிரைவிங் லைசென்ஸ் குடியிருப்பைப் பதிந்த ஒரு வருடம் வரைதான். அப்புறம் இத்தாலிய மொழியில் 30 கேள்வி, 20 நிமிடம், மூன்று தப்புக்கு மேல் போனால் மறுபடி எழுத வேண்டும். மதியம் 2 முதல் 4 மணி வரை மிக்ஸி, கிரைண்டர் போடாதீர்கள், பல குடியிருப்புகளில் அது ஓய்வு நேரம். யார் வீட்டுக்காவது முதல்முறை போகும்போது சாமந்திப்பூ வாங்கிப் போகாதீர்கள், இங்கே அது கல்லறைக்கு வைக்கும் பூ.

டிக்கெட்டை ஆகஸ்ட் நடுவில் போடச் சொல்லாதீர்கள். 15ஆம் தேதியை ஒட்டி ஊரே கடலுக்கும் மலைக்கும் போய்விடும், பாதிக் கடைகள் அடைத்திருக்கும், எந்த வேலையும் நடக்காது. செப்டம்பர் இரண்டாவது வாரம் பள்ளிக்கூடம் திறந்து எல்லாரும் திரும்பியிருப்பார்கள். அப்போது வந்து இறங்குங்கள், வாசல் மணியில் உங்கள் பெயரை முதல் நாளே ஒட்டிவிடுங்கள். குடியிருப்பைச் சரிபார்க்க நகராட்சிக் காவலர் வரும்போது அதைத்தான் முதலில் தேடுவார்.