பொதுத்தேர்தல் நெருங்கும்போது கூட்டணி ஆட்சியில் ஏன் உரசல் கூடுகிறது?

நாலு வருடம் சேர்ந்து ஆண்ட கட்சிகள் தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போது மட்டும் ஏன் முறுக்கிக்கொள்கின்றன, அது கொள்கையா இல்லை தொகுதிக் கணக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஆனால் உரசல் தேர்தல் நெருங்கும்போது பிறப்பதில்லை. முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது, தேர்தல் பக்கத்தில் வந்ததும் அந்தக் காரணம் தீர்ந்துபோகிறது. நான் கண்ணால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

மயிலாடுதுறையில் ஒரு பிளக்ஸ் கடையில் பல வருடம் டிசைனராக இருந்தேன். எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். கூட்டணி எந்த நிலையில் இருக்கிறது என்பது எனக்குப் பேப்பரைவிட முன்னால் பேனரில் தெரிந்துவிடும். யார் படம் மேலே, யார் படம் எவ்வளவு பெரிது, யார் படம் வேண்டாம். இந்த மூன்றும் போதும்.

2009 தேர்தலில் எங்கள் தொகுதி காங்கிரசுக்கு. மணிசங்கர் அய்யர் நின்றார். தி.மு.க.காரர்கள் போட்ட பேனரிலும் கலைஞர் படமும் சோனியா படமும் ஒரே அளவு. ஒரு விரல் அளவு குறைந்தாலும் திரும்ப வந்து சரிசெய்யச் சொல்வார்கள். அவர் தோற்றார், அ.தி.மு.க.வின் ஓ.எஸ். மணியன் ஜெயித்தார். ஆனால் மாநிலத்தில் 39க்கு 27 அந்தக் கூட்டணிக்குத்தான். தி.மு.க.வுக்கு மட்டும் 18. டெல்லியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி இரண்டாவது முறையாக ஆட்சிக்கு வந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக நடந்தது. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் 2010 நவம்பரில் தி.மு.க.வின் மத்திய அமைச்சர் ராசா பதவி விலகினார். 2011 மார்ச்சில் சட்டமன்றத் தேர்தலுக்கு காங்கிரஸ் 63 இடம் கேட்டுப் பிடிவாதம் பிடிக்க, மத்திய அமைச்சர்களை வாபஸ் வாங்குவோம் என்று தி.மு.க. அறிவித்தது. இரண்டு மூன்று நாளில் 63க்கே ஒத்துக்கொண்டார்கள். அந்த 63ல் காங்கிரஸ் ஜெயித்தது 5. தி.மு.க. 23 இடத்துக்கு இறங்கியது. தேர்தல் முடிவு வந்து சரியாக ஒரு வாரத்தில் அதே 2ஜி வழக்கில் கலைஞர் மகள் கனிமொழி கைதானார். அந்த அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். டெல்லியில் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருந்த இரண்டு கட்சியும் எங்கள் ஊர் வார்டுகளில் எதிரெதிராக நின்றன. காலையில் ஒருவருக்கும் சாயந்திரம் மற்றவருக்கும் பேனர் போட்டேன். கூட்டணி எனக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. டெல்லியில் முடிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

ஏன் அவ்வளவு தாமதம்? மத்திய அமைச்சர் பதவி கையில் இருக்கிற வரைக்கும் கட்சிக்குப் பாதுகாப்பு, தொகுதிக்கு ஏதாவது செய்ய வழி, தொண்டனிடம் காட்ட ஒரு முகம் இருக்கிறது. தேர்தலுக்கு நாலு வருடம் இருக்கும்போது இந்தத் தராசுத் தட்டுதான் கனமாக இருக்கும். தேதி நெருங்க நெருங்க மறுதட்டில் பழி ஏறிக்கொண்டே போகும். டீசல் விலை ஏறினால், சிலிண்டருக்குக் கட்டுப்பாடு வந்தால், வீட்டு வாசலில் திட்டு வாங்குவது பிரதமர் இல்லை, ஓட்டுக் கேட்டுப் போகிற வட்டச் செயலாளர். நல்லது நடந்தால் பெயர் பெரிய கட்சிக்கு, கெட்டது நடந்தால் எல்லோருக்கும் பங்கு. சின்னக் கட்சிக்கு இது ஒருநாளும் கட்டுப்படியாகாது.

2012 செப்டம்பரைப் பாருங்கள். டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏற்றினார்கள், மானிய சிலிண்டர் வருடத்துக்கு 6 என்றார்கள், சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு 51 சதவீதம் அனுமதி கொடுத்தார்கள். கூட்டணியில் இருந்த திரிணாமுல் காங்கிரசின் மம்தா பானர்ஜி 19 எம்.பி.க்களோடு வெளியே போனார். தி.மு.க. அமைச்சரவையில் இருந்துகொண்டே செப்டம்பர் 20 பந்த்தில் கலந்துகொண்டது. டிசம்பரில் அதே அந்நிய முதலீடு மக்களவையில் ஓட்டெடுப்புக்கு வந்தபோது அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. இதை வெறும் சந்தர்ப்பவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருக்கவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் ஒரு கட்சி தவிப்பது அப்படித்தான் இருக்கும். அதே சிலிண்டர் எண்ணிக்கை அடுத்த ஜனவரியில் 9, தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது 2014 ஜனவரியில் 12. தேர்தல் தேதி எல்லோரையும் எப்படி வேலை வாங்குகிறது என்பதற்கு இது ஒன்று போதும்.

சரி, நான் சொல்ல வந்த, தி.மு.க. வெளியே வந்த 2013 மார்ச்சுக்கு வருகிறேன்.

2013 பிப்ரவரியில் பாலச்சந்திரன் படம் வெளியானது. விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் இளைய மகன், 12 வயது, இலங்கைப் போரின் கடைசியில் கொல்லப்பட்டவன். மணல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கும் படம். மார்ச் 8ந்தேதி சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் ஆரம்பிக்க, ஒரு வாரத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது. எங்கள் கடைக்கும் நாலு பையன்கள் வந்தார்கள். ஆறு அடிக்கு நாலு அடி பேனர், பந்தலில் கட்ட. பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளாகச் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். படம் போனில் இருந்து எடுத்தது, ரொம்பச் சின்னது. பெரிதாக்கினால் அந்தக் குழந்தையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சின்னதாகவே வைத்துச் சுற்றிலும் கறுப்பு விடலாம் என்றேன். ஒரு பையன், "அண்ணே, கண்ணு மட்டும் தெரியணும்ணே" என்றான். அப்போது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. ஜெனரேட்டர் போட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அச்செடுத்துக் கொடுத்தோம். முதலாளி டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 18ல் காங்கிரசின் மத்திய அமைச்சர்கள் ஏ.கே. அந்தோணி, ப. சிதம்பரம், குலாம் நபி ஆசாத் மூன்று பேரும் சென்னை வந்து கலைஞரைப் பார்த்தார்கள். இலங்கையைப் பற்றி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலுக்கு வந்திருந்த தீர்மானத்தில் திருத்தம் வேண்டும், நாடாளுமன்றத்திலும் தீர்மானம் வேண்டும் என்பது தி.மு.க.வின் கோரிக்கை. மறுநாள் ஆதரவு வாபஸ். அதற்கடுத்த நாள் அழகிரி, பழனிமாணிக்கம், ஜெகத்ரட்சகன், காந்திசெல்வன், நெப்போலியன் ஐந்து பேரும் பதவி விலகினார்கள். 21ந்தேதி காலை வெளிநாட்டுக் கார் இறக்குமதி விவகாரம் என்று ஸ்டாலின் வீட்டில் சி.பி.ஐ. சோதனை. பிரதமரே வருத்தப்பட்டார், சோதனை பாதியில் நின்றது. அன்றைக்கே ஜெனீவாவில் தீர்மானம் 25க்கு 13 என்று நிறைவேறியது, இந்தியாவும் ஆதரித்தது. 18 எம்.பி.க்கள் போயும் ஆட்சி கவிழவில்லை. முலாயமும் மாயாவதியும் வெளியிலிருந்து தாங்கினார்கள். கவிழாது என்று தெரிந்தால்தான் பெரும்பாலும் வாபஸே வரும் என்பது என் எண்ணம்.

வாபஸ் அறிவித்த அன்று மத்தியானமே கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் கடைக்கு வந்தார். ஏற்கெனவே போட்டுவைத்திருந்த ஒரு கூட்ட பேனர். "தம்பி, அந்த அம்மா படத்தை எடுத்துடு. அழிச்சிடாத, மறைச்சு வை" என்றார். சோனியா படத்தைத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் செய்தி வந்த அன்று அதே கடை வாசலில் கண் கலங்கி நின்றவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2009ல் வெளியே வந்திருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். அப்போது தேர்தலில் கூட்டணி தேவைப்பட்டது, வரவில்லை. 2013ல் பையன்களின் கோபம் தெருவுக்கு வந்துவிட்டது, காங்கிரசால் தேர்தலில் இனி லாபமும் இல்லை, வந்தார்கள். ஈழத்துக்காக வந்தார்கள் என்பது பொய் இல்லை. ஆனால் ஈழத்துக்காக மட்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றே மாதத்தில், ஜூனில், மாநிலங்களவைத் தேர்தலில் கனிமொழிக்கு காங்கிரசின் 5 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டார்கள். 31 ஓட்டில் ஜெயித்தார். டிசம்பரில் பொதுக்குழு கூடி காங்கிரசோடு கூட்டணி இல்லை என்றது. 2014ல் தனித்தனியாக நின்று இரண்டுக்கும் தமிழ்நாட்டில் ஒரு இடம்கூட இல்லை. அ.தி.மு.க. 37.

உரசலைத் தடுக்க வழியே இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். முழுக்கத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். 2004ல் குறைந்தபட்ச செயல்திட்டம் என்று எழுதிவைத்தார்கள், வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகளோடு பேச ஒரு குழு இருந்தது. அமெரிக்காவோடு போட்ட அணு ஒப்பந்தத்தில் அவர்கள் 2008 ஜூலையில் விலகினாலும் எதற்காக விலகுகிறார்கள் என்று ஊருக்கே தெரிந்தது. 2009ல் அப்படி ஒரு செயல்திட்டம் எழுதவில்லை. 2012 ஜூலையில் கூட்டணியில் இருந்த தேசியவாத காங்கிரசின் சரத் பவார் கோபித்துக்கொண்ட பிறகுதான் ஒருங்கிணைப்புக் குழு என்ற பேச்சே வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் மம்தா போய்விட்டார். முதல் வருடத்தில் எழுதியிருக்க வேண்டியதை நாலாவது வருடத்தில் எழுதினால் யார் கேட்பார்கள்?

2016 பிப்ரவரியில் தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி திரும்பவும் அமைந்தது. அதே பொறுப்பாளர் வந்தார். பழைய பேனரை எடுக்க 2013 மார்ச் போல்டரைத் திறந்தேன். மறைத்துவைத்த படம் அப்படியே இருந்தது, ஒரு கிளிக்கில் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே அந்தப் பையன்களின் ஆறுக்கு நாலு பேனரும் இருந்தது. அதை அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்கவில்லை.