மகளின் பெயர் வேறு, என் பெயர் வேறு: தனியாகக் கனடாவுக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: சேர், நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். டொராண்டோவில் இருக்கும் என் அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. உதவிக்கு இரண்டு மாதம் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன், 7 வயது மகளையும் கூட்டிக்கொண்டு. என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்று என் அப்பாவின் பெயர் இருக்கிறது. மகளுடையதில் கணவரின் பெயர். பெயர் பொருந்தாவிட்டால் எயார்போட்டில் பிள்ளையைத் தனியாக நிறுத்திவிடுவார்கள் என்று பயம் காட்டுகிறார்கள். விசா வேலை பார்க்கிறவரோ, என் பாஸ்போட்டைக் கணவர் பெயருக்கு மாற்றச் சொல்கிறார். மகளின் பாஸ்போட்டுக்குப் போன வருடம் கணவர் லீவில் வந்து கையெழுத்து வைத்தார். அது போதாதா?

பதில்: முதலில் அந்தப் பெயர் மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். கல்யாணம் முடித்த பெண் கணவரின் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. விரும்பினால் திருமணச் சான்றிதழைக் காட்டிச் சேர்க்கலாம், அவ்வளவுதான். மாற்றினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் பழைய பெயர். புதிய கடவுச்சீட்டு மகளின் கடவுச்சீட்டோடு பொருந்தும், ஆனால் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாது. நீங்கள்தான் தாய் என்று காட்டும் ஒரே பத்திரம் அந்தப் பிறப்புச் சான்றிதழ். அதில் கைவைத்து இல்லாத சிக்கலை ஏன் உண்டாக்க வேண்டும்?

அப்பாவின் பெயரை முன்னால் வைத்து எழுதும் ஊரில் தாய்க்கும் பிள்ளைக்கும் குடும்பப்பெயர் வேறாக இருப்பதுதான் வழமை. அக்கரைப்பற்றில் இருந்தும் சாய்ந்தமருதில் இருந்தும் சட்ட ஆலோசனைக்கு என்னிடம் வரும் முஸ்லிம்களின் கடவுச்சீட்டுகளிலும் இதையேதான் பார்க்கிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிக்கு இது புதினமே இல்லை. கேள்வி வந்தால் கனடாப் பக்கத்தில்தான் வரும். அங்கேயும் பெயர் வேறு என்பதற்காக யாரும் திருப்பி அனுப்புவதில்லை, உறவைக் காட்டச் சொல்லுவார்கள். உங்கள் விமானம் லண்டன் வழியாகப் போய் நீங்கள் அங்கே இறங்க நேர்ந்தாலும் இதுதான் நிலை: பிள்ளையின் பெயர் வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவற்றைக் கேட்கலாம் என்று பிரித்தானிய அரசே சொல்லியிருக்கிறது.

ஆகவே மகளின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் திருமணச் சான்றிதழையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது மூன்று பேரின் கடவுச்சீட்டுப் பிரதிகளையும் சேர்த்துக் கொடுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்பவர் தன் போக்கில் ஆங்கில எழுத்தைப் போட்டால் கணபதிப்பிள்ளையில் ஒரு எழுத்து கூடும், சாந்தியில் ஒரு எழுத்து குறையும். தமிழ் தெரியாத அதிகாரிக்கு அது வேறொரு ஆள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே மொழிபெயர்ப்பிலும் வரவேண்டும். சான்றிதழிலேயே பெயர் வித்தியாசமாகப் பதிந்திருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விக்கு வருவோம். பெயரை விட அதுதான் பெரியது.

போன வருடம் கணவர் வைத்த கையெழுத்து போதாது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது தாய், தகப்பன் இருவரின் சம்மதத்தையும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கேட்கிறது. அது கடவுச்சீட்டுக்கான சம்மதம். இந்தப் பயணத்துக்கு, இந்த நாட்டுக்கு, இத்தனை நாளுக்கு அவர் சம்மதித்தார் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று கோபம் வரும். தாயோ தகப்பனோ மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொள்வது உலகம் முழுவதும் நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் 1980இல் ஹேக் உடன்படிக்கை வந்தது. கனடா அதில் இருக்கிறது. நம் நாடும் சேர்ந்து, 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியிருக்கிறது. அதுவும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கானது. அதிகாரி உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் சண்டை இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பெற்றோரில் ஒருவருடன் மட்டும் வரும் பிள்ளையிடம் கனடா எதிர்பார்ப்பது இவை: பிள்ளையின் சொந்தக் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழின் பிரதி, வராத பெற்றோர் கையெழுத்திட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் எழுதிய சம்மதக் கடிதம், அவருடைய கையெழுத்துள்ள கடவுச்சீட்டின் அல்லது அடையாள அட்டையின் பிரதி. கடிதம் முடிந்தவரை ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் இருக்கவேண்டும்.

கணவர் கத்தாரில் இருப்பதால் லீவு போட்டு ஊருக்கு வரத் தேவையில்லை. தோஹாவில் உள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய், அங்கே உத்தியோகத்தர் முன்னால் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தி, மூலப்பிரதியை அனுப்பட்டும். வட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பிப் பயணம் போகாதீர்கள். கடிதத்தில் மகளின் முழுப்பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், உங்கள் பெயரும் இலக்கமும், போகும் திகதி, திரும்பும் திகதி, அக்காவின் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்கட்டும். பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் வைத்தியம் பற்றி நீங்கள் முடிவெடுக்கலாம் என்றும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். 'என் மனைவி விரும்பும் காலம் வரை' என்று தாராளமாக எழுதிக் கொண்டுவந்த கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். பாசம் விளங்குகிறது, ஆனால் திகதி இல்லாத கடிதம் சந்தேகத்தைத்தான் கூட்டும். டிக்கெட் மாறக்கூடும் என்று நினைத்தால் முன்னும் பின்னும் சில நாள் விட்டு எழுதலாம்.

மகளின் கடவுச்சீட்டு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது 3 வருடத்துக்குத்தான். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கனடா விசாவில் கைவிரல் அடையாளம் எடுப்பதில்லை, அதனால் அதற்கென்று அவளைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டாம். குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். அது வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாரிடம் கேட்கப்பட்டு வந்த அறிக்கை, அக்காவைப் பார்க்கப் போகிறவருக்கு அதோடு சம்பந்தமில்லை.

பத்திரங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அதிகாரி பிள்ளையிடமும் பேசலாம். பதிலைப் பாடமாக்கிக் கொடுக்கவேண்டாம், எங்கே போகிறோம், யார் வீட்டில் நிற்போம் என்று உள்ளதைச் சொல்லி வையுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பத்திரத்தில் உள்ள பெயர் இன்னொன்று என்று இருந்தால், தன் பதிவுப் பெயரையும் அம்மாவின் முழுப்பெயரையும் சொல்ல அவள் பழகிக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் பிரச்சினை இல்லை என்றாலும், இதை வாசிக்கும் வேறு சிலருக்காக: கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். விவாகரத்து ஆகியிருந்தால் பிள்ளை யாருடைய பொறுப்பில் என்று சொல்லும் நீதிமன்றக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும். பிரிந்து வாழ்கிறீர்கள், கட்டளையும் இல்லை, அவர் கையெழுத்தும் தரமாட்டார் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்பதுதான் நேர் வழி. திரும்பிவரும் டிக்கெட், தங்கும் முகவரி, பாடசாலை விடுமுறைத் திகதி ஆகியவற்றோடு போனால் பிள்ளையின் நலனைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரிக்கலாம். கணவரின் கையெழுத்தை வேறு யாராவது போட்டுக் கொடுக்கும் 'உதவி' மட்டும் வேண்டாம். அது குற்றம், விசாவும் போய்விடும்.

அங்கே போனபிறகு அக்கா இன்னும் ஒரு மாதம் நில் என்று மறிப்பா. நிற்பதென்றால் விசாவில் காலம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பழைய கடிதத்தின் திகதி முடியும் முன்பே கணவரிடம் புதிய கடிதம் ஒன்றை வாங்கிவிடுங்கள்.