கேள்வி – பதில்: நடுவே நிற்பவர் யார்?

கேள்வி (ராமகிருஷ்ணபுரம் வாசகர், புதுதில்லி): இலங்கைப் பிரச்சினையில் 1987இல் இந்தியாவும் 2002இல் நார்வேயும் நடுவே நின்றன. படைபலம் உள்ள நாடும் தோற்றது, இல்லாத நாடும் தோற்றது. பிறகு மத்தியஸ்தத்தால் பயன்தான் என்ன?

பதில்: இரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலாது. சாணக்கியபுரி வழியாகப் போகும்போது தாங்கள் பார்க்கும் அதே அசோகா ஓட்டலில்தான் 1987 ஜூலை இறுதியில் பிரபாகரன் காவலுடன் தங்கவைக்கப்பட்டு, இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஏற்குமாறு வற்புறுத்தப்பட்டார். ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும்தான். களத்தில் போரிட்டுக்கொண்டிருந்த புலிகளின் கையெழுத்து அதில் இல்லை. சமரசம் செய்யப் போனவர் ஒரு தரப்பின் இடத்தில் தாமே அமர்ந்து கையெழுத்திட்டு, அதை நிறைவேற்றும் பொறுப்பையும் தம் படையிடம் ஒப்படைத்தால், நடுவர் என்ற தகுதியை அப்போதே இழந்துவிடுகிறார். அக்டோபரிலேயே இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை இழந்திருந்தோம். யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் பட்ட பாடு இன்னும் ஆறாத ரணமாகவே இருக்கிறது.

நார்வேயோ தன்னை மத்தியஸ்தர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஈழத்தமிழர் அதற்குத் தந்த சொல் ‘அனுசரணையாளர்’. மத்தியஸ்தர் தாமே ஒரு தீர்வை முன்வைக்கலாம். அனுசரணையாளர் செய்தி கொண்டுசெல்வார், இடம் ஏற்பாடு செய்வார், பேசவைப்பார். 2002 பிப்ரவரி போர்நிறுத்தத்தைக் கண்காணித்த ஐந்து நோர்டிக் (வட ஐரோப்பிய) நாட்டினரால் மீறல்களைப் பதிவு செய்ய முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், அதன் உறுப்பு நாட்டவர் வெளியேற வேண்டும் என்று புலிகள் கோர, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் விலகின. 2008 ஜனவரியில் இலங்கை அரசும் உடன்பாட்டைக் கைவிட்டது. ஆயினும் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 சாலை திறந்து, பல ஆண்டுகளாகப் பிறந்த ஊரைக் காணாதவர்கள் யாழ்ப்பாணம் போய்வந்த அந்தக் காலத்தைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (மயூர் விஹார் வாசகி): மூடிய அறைக்குள் நடுவர் என்னதான் செய்வார்?

பதில்: 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் 13 நாட்கள் நடந்ததைப் பாருங்கள். எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பெகினும் தொடக்கச் சந்திப்புகளிலேயே கடுமையாக மோதிக்கொண்டதால், அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் தனித்தனியே வைத்து, ஒரே வரைவை இருபக்கமும் மாறி மாறிக் கொண்டுபோனார். எதிரிக்கு விட்டுக்கொடுத்தோம் என்ற எண்ணம் எழாமல், வரைவைத் திருத்துகிறோம் என்ற அளவில் இருவராலும் இறங்கிவர முடிந்தது. பேச்சு முறியும் நிலையில் இருந்த கடைசி நாளில், பெகின் கேட்டிருந்த படங்களில் அவருடைய பேரக்குழந்தைகளின் பெயர்களைத் தனித்தனியே எழுதிக் கார்ட்டரே நேரில் கொடுத்தார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்த பெகின் கலங்கிப்போனார். இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாய் தீபகற்பம் எகிப்துக்குத் திரும்பியது. பாலஸ்தீனர்கள் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. அவர்களைப் பற்றிய பகுதி ஏட்டோடு நின்றுவிட்டது.

கேள்வி (கரோல் பாக் வாசகர்): காஷ்மீர் விஷயத்தில் மூன்றாம் தரப்பை இந்தியா ஏன் ஏற்பதில்லை?

பதில்: 1972 சிம்லா ஒப்பந்தப்படி இருதரப்பும் நேரடியாகவே பேசித் தீர்க்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. அதற்கு முன் 1966இல் தாஷ்கண்டில் சோவியத் பிரதமர் கோசிகினையும், 1960இல் சிந்து நதிநீர்ப் பங்கீட்டில் உலக வங்கியையும் ஏற்றிருக்கிறோம். உலக வங்கி பேசவைத்ததோடு நிற்காமல், பாகிஸ்தானின் அணைகளுக்கும் கால்வாய்களுக்கும் பல நாடுகளிடம் பணம் திரட்டியும் தந்தது. 1965, 1971, கார்கில் என மூன்று போர்களைத் தாண்டி நின்ற அந்த ஒப்பந்தத்தை, பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது.